ரெண்டும் டாக்டர் வண்டி

ஆகஸ்ட் 4, திங்கள்

நூல் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக இதன்மேல் டீ டம்ளர் வைத்தது போதும் என்று இன்று எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணம், கார் வாங்கப் போகிறேன். ஒரு வண்டியில் பார்த்ததை இன்னொரு வண்டியில் பார்த்ததாக உளறி வசந்தாமணியிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது. அவள் என் மனைவி. நான் போன வருடம் உளறியதே அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

மகள் மோகனப்பிரியாவுக்கு இது ஏழாம் மாதம், தலைச்சன். இந்த மாதம் முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, தாராபுரத்தில் அவள் புகுந்த வீட்டில் கட்டுச்சோறு விருந்து. வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு நாங்கள் போக வேண்டும். விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். என் வேன் கொசுவலை மூட்டை ஏற்றிப் பழகியது. அதில் மனிதர் ஏறினாலும் மூட்டையாகத்தான் இறங்குவார். கல்யாணச் சீரை அந்த வேனில் இறக்கியபோது சம்பந்தி, "சீர் வந்துதுங்களா, கொசுவலை வந்துதுங்களா?" என்று கேட்டதில் பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த வாய் இரண்டு நாள் வலித்தது.

ஆகவே மெத்தென்று ஒரு கார். ஏலச்சீட்டு எடுத்த ஏழு லட்சம் என் எல்லை. அந்தக் காசுக்குப் புதுசு என்றால் தீப்பெட்டி, பழசு என்றால் ராஜா வண்டி என்கிறார் புரோக்கர் தண்டபாணி. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் நான். இந்தக் கணக்கு மட்டும் சொன்னவுடனே புரிந்தது.

டைரியில் கோடு மங்கலாக அடித்திருக்கிறான். கோடே காணோம். ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தண்டபாணி இரண்டு வண்டி காட்டினார். இரண்டும் ஜெர்மன்காரன் செய்தது. கம்பெனிப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னபோது அவர் இருமுவது போலச் சிரித்ததால் இனிமேல் வெள்ளை, கறுப்பு என்றே எழுதுகிறேன்.

"அண்ணா, வெள்ளை வண்டி டாக்டர் வண்டிங்க. வீடு, ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் ஓடுனது."

"கறுப்பு?"

"அதுவும் டாக்டர் வண்டிதாங்க."

"ஏனுங்க தண்டபாணி, கரூர்ல டாக்டருங்க எல்லாம் காரை வித்துட்டு எங்க போறாங்க? நோயாளி வர்றதில்லீங்களா?"

"அண்ணனுக்கு எப்பவும் தமாசுதான்."

வெள்ளைக்கு மேற்கூரையில் ஒரு ஜன்னல். எதற்கு என்று கேட்டேன். நட்சத்திரம் பார்க்கவாம். கறுப்புக்குச் சீட்டிலிருந்து குளிர்காற்று வருமாம். போட்டுப் பார்த்தால் வரவில்லை, கேஸ் போட வேண்டும் என்றார். அப்புறம் நான் ஒன்று சொன்னேன். "வெள்ளை வெள்ளைங்கறீங்க, இது சந்தனக் கலர்ல நிக்குது." தண்டபாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பால் வெள்ளைங்கண்ணா!" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். தமாசுக்காரன் என்று பெயர் எடுத்ததில் இது ஒரு சௌகரியம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

"ஆடி மாசத்துல யாராவது வண்டி எடுப்பாங்களா?" என்றாள் வசந்தாமணி.

பார்க்கத்தான் போகிறேன், எடுப்பது ஆவணியில் என்றேன். "பாத்துப் பாத்து ஆவணி முடிஞ்சு புள்ள பொறந்து காது குத்தற வரைக்கும் பாப்பீங்க" என்றாள். இந்த வீட்டில் எனக்கு மட்டுமா தமாசு வருகிறது?

ஆகஸ்ட் 9, சனி

மெக்கானிக் ரசாக் பாயைக் கூட்டிப் போனேன். இரண்டு வண்டியின் அடியிலும் படுத்து எழுந்தார். இரண்டும் ஓடும், இரண்டும் செலவு வைக்கும் என்றார். இதைச் சொல்ல எதற்குப் படுத்தார் என்று தெரியவில்லை.

"முன்விளக்கு ஒண்ணு உடைஞ்சா, அந்தக் காசுல ஒரு ஸ்கூட்டர் வாங்கிரலாம்ண்ணே."

"அப்ப ரெண்டு ஸ்கூட்டரை முன்னால கட்டிட்டு ஓட்டற மாதிரி."

"இடிக்காம ஓட்டுனா ஒண்ணுமில்ல."

"நான் எங்க பாய் இடிச்சேன்?"

அவர் திரும்பி என் வேனின் இடது பக்கத்தைப் பார்த்தார். அங்கே கோடு இருக்கிறதுதான். எங்கள் வீட்டு கேட்டைக் கட்டிய கொத்தனார் தூணைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டிவிட்டான். கட்டிப் பதினெட்டு வருடம் ஆகிறது. அது இந்த வருடம்தான் இடிக்க ஆரம்பித்திருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெள்ளைக்குப் பின்னால் கேமரா இருக்கிறது, முன்னும் பின்னும் கூவுகிறது. கறுப்பு கூவ மட்டும் செய்கிறது. கறுப்பு குறைவாக ஓடியிருக்கிறது. வெள்ளைக்கு டயர் புதுசு. கறுப்பு கொடுப்பவர் விலையில் இறங்குகிறார், வெள்ளைக்காரர் இறங்க மாட்டேன் என்கிறார். நேற்று மதியம் வரை கறுப்பு. சாயங்காலம் வெள்ளை. ராத்திரி சாப்பிடும்போது மறுபடி கறுப்பு. காலையில் எழுந்தால் எதுவும் வேண்டாம், இரண்டு எருது வாங்கி வில்வண்டி பூட்டிவிடலாம் என்று இருந்தது.

ஆனால் அந்தக் கூவல் நன்றாக இருக்கிறது. இடிக்கும் முன்னாலேயே கூவுகிறது. வசந்தாமணி இடித்த பிறகுதான் கூவுவாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மோகனா போன் செய்தாள். "அப்பா, ரெண்டு வண்டி நம்பரும் அனுப்புங்கப்பா. போன்ல போட்டுப் பாத்தா யாரு பேருல இருக்குது, எத்தனை கை மாறுச்சுன்னு எல்லாம் வந்துரும்." நானே நேரில் போய் நம்பர் பார்த்து அனுப்பினேன்.

அரை மணியில் மறுபடி போன். "கறுப்பு வண்டி சரியா இருக்குதுங்கப்பா. வெள்ளை வண்டி நம்பரு டிராக்டர்னு காட்டுது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. டாக்டர் வண்டியாம்! போலி நம்பர்! நாளைக்கு சுதந்திர தினம், நாளைக்குத்தான் தண்டபாணிக்கும் எனக்கும் போராட்டம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

போராட்டத்தில் தோற்றேன்.

வசந்தாமணியையும் கூட்டிக்கொண்டு போய் புரோக்கர் ஆபீஸ் வாசலில் நின்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். தண்டபாணி ஆர்சி புத்தகத்தைக் கொண்டுவந்து நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். வசந்தாமணி குனிந்து இரண்டையும் படித்தாள். ஒரே நம்பர். பிளேட்டில் கடைசியில் இருப்பது எட்டு. நான் மகளுக்கு அனுப்பியது மூன்று.

"பதினாறு வருசமா தொழில் பண்றேங்கண்ணா. நடு ரோட்டுல போலின்னு கத்திட்டீங்களே."

பிளேட்டில் பெயின்ட் போயிருக்கிறது என்றேன். "எங்கீங்க போயிருக்குது?" என்று கேட்டார். எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. "அந்த எட்டு கொஞ்சம் இளைச்ச எட்டுங்க" என்று சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். தண்டபாணி சிரித்தார், நின்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். வசந்தாமணி சிரிக்கவில்லை. டீயையும் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. மீன் குழம்பு. என் தட்டில் இருந்த மீனுக்கு வசந்தாமணி முள் எடுத்து வைத்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே.

ஆகஸ்ட் 18, திங்கள்

மோகனா போன்.

"அப்பா, கண்ணு டாக்டரைப் பாத்தீங்களா?"

"டாக்டர் வண்டியத்தான் பாக்கறேன் சாமி, ரெண்டு."

"விளையாடாதீங்கப்பா. எட்டு எப்படி மூணாத் தெரியும்?"

"வயசாச்சுல்ல அந்த எட்டுக்கு."

 "அம்மாகிட்டக் குடுங்க" என்றாள். வசந்தாமணி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மாடியில் சிக்னல் கிடையாது என்று அவளே சொல்லுவாள்.

கண்ணில் ஒன்றுமில்லை. கொஞ்சம் புகை. இத்தனை பஸ் போகிற ஊரில் யார் கண்ணில் புகை இல்லை? ஏப்ரலில் ஒரு டாக்டர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் சொன்னபடி கேட்டால் இப்போது நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் இருக்க வேண்டும். மகளை யார் கூட்டி வருவது? வாடகை டிரைவரா? தலைச்சன் பிள்ளை சுமக்கிற மகளை ஊர் பேர் தெரியாதவனை ஓட்டச் சொல்லிக் கூட்டிப் போனான் சென்னியப்பன் என்று தாராபுரத்தில் பேச்சு வர வேண்டுமா? பிள்ளை பிறக்கட்டும். கண் எங்கே ஓடிப் போகிறது?

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் வெள்ளையை ஓட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் வசந்தாமணி. ரோட்டில் போவது போலவே இல்லை, தூளியில் போவது போல இருந்தது. இதுதான் என்று முடிவு செய்து இறங்கினால், பின்சீட்டிலிருந்து அவள் இறங்கவில்லை.

"இறங்கு புள்ள."

"எங்கீங்க இறங்கறது? கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குது. கையக் குடுங்க."

நானும் தண்டபாணியும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவள் கேட்டாள்: "எனக்கே இப்படின்னா, ஏழு மாசக்காரி எப்படீங்க இதுல உக்காந்து எந்திரிப்பா?"

பதினைந்து நாள். கூரை ஜன்னல், குளிர்காற்று, டயர், கேமரா எல்லாம் பார்த்தாயிற்று. கர்ப்பிணிக்கு வாங்குகிற வண்டியில் கர்ப்பிணி உட்கார முடியுமா என்று மட்டும் ஒருவனும் பார்க்கவில்லை. ஒருவன் என்றால் நான்தான். தண்டபாணி பதறிப்போய் முன்சீட்டின் ஓரத்தில் ஒரு பொத்தானை அமுக்கினார். ஜங் என்று சத்தம் போட்டுக்கொண்டு சீட்டு நாற்காலி உயரத்துக்கு ஏறியது. கறுப்பிலும் அதே பொத்தான் இருக்கிறது, சீட்டு மட்டும் ஏறவில்லை. அப்பாடா, வெள்ளை.

"எதுக்கும் கறுப்பையும் ஒருக்கா ஓட்டிப் பாருங்கண்ணா, மனசுல குறை இருக்கக் கூடாது" என்று தண்டபாணி சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். விளக்கு வைக்கிற நேரம். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை. பைபாஸ் பக்கம் போனோம். எதிரே வந்த லாரிக்காரன் விளக்கைத் தழைக்கவே இல்லை. பின்னால் வசந்தாமணி, "ஏனுங்க! ஏனுங்க! ஆளுங்க!" என்று அலறினாள். பிரேக்கை மிதித்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் வண்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். அவர் திட்டக்கூட இல்லை. நின்றபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது தண்டபாணி ஓட்டினார். 

ஆகஸ்ட் 21, வியாழன்

கறுப்பு வேண்டாம். அதற்கு ஹெட்லைட் மங்கல்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

"கறுப்பு வண்டி லைட்டு நல்லாத்தான் இருந்துச்சு." நாள் முழுக்க வசந்தாமணி பேசியது இவ்வளவுதான். அவள் சத்தம் போட்டால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வெள்ளை வந்துவிட்டது. மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கினோம். மோகனாவுக்கு போட்டோ அனுப்பினேன். "அழகா இருக்குதுங்கப்பா. யாரு ஓட்டுவாங்க?" என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

திட்டம் பக்காவாகப் போட்டுவிட்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் தாராபுரம். மதியம் விருந்து. மூன்று மணிக்குப் பெண்ணை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் வெளிச்சத்திலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் புறப்பட எல்லோருக்கும் அவசரம் இருக்கும். ராகு காலம் இத்தனை உதவியாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"ஒரு டிரைவரைக் கூப்பிட்டுக்கலாங்க" என்றாள் வசந்தாமணி.

"எனக்கு என்ன கேடு?"

"நான் கேடுன்னு சொன்னனா?" என்று சொல்லிவிட்டு எள்ளு வறுக்கப் போய்விட்டாள். எள்ளு தீய்ந்தது. அவள் எள்ளைத் தீய்த்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, எள்ளுச் சோறு, சர்க்கரைப் பொங்கல், தக்காளிச் சோறு, எல்லாம் டிக்கியில். வண்டி முழுக்கப் பெருங்காய வாசம். கிளம்புகிறோம்.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

போகும்போது வசந்தாமணி முன்னால் உட்கார்ந்தாள். ஊர் தாண்டுமுன் ஆரம்பித்தாள். "மேடு வருதுங்க. நாய் குறுக்க வருது. பஸ்சு நிக்குது, சுத்திப் போங்க. ஆடு. இன்னொரு ஆடு. மேடு." தாராபுரம் வரைக்கும் ரோட்டை எனக்குப் பேப்பர் மாதிரி படித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். நானும் கேட்டுக் கேட்டுத் திருப்பினேன். எதற்குப் படிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. எதற்குப் படிக்கிறேன் என்று அவளும் சொல்லவில்லை. இறங்கும்போது அவள் தொண்டை கட்டியிருந்தது.

சம்பந்தி ராமலிங்கம் வாசலுக்கு வந்து வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். "கொசுவலை விலை ஏறிப் போச்சுங்களா சம்பந்தி?" என்றார். "கொசு ஏறிப் போச்சுங்க" என்றேன். இந்த நிமிஷத்துக்காகத்தானே இத்தனை அலைச்சல், ஆனால் ரசிக்க முடியவில்லை. மணி என்ன என்றே மனசு கேட்டுக்கொண்டிருந்தது.

மோகனா பச்சைச் சேலையில், இரண்டு கை நிறைய வளையலோடு, கனமாக நடந்து வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக, "எப்படீங்கப்பா வந்தீங்க?" என்றாள். "உங்கம்மா கொண்டாந்து விட்டா" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சம்பந்தியின் அக்கா பொள்ளாச்சியிலிருந்து வர வேண்டும், அவர் வந்துதான் பந்தி என்றார்கள். அவர் இரண்டரைக்கு வந்தார். பந்தி முடிய நாலு. பிறகு போட்டோ. வண்டிக்கு முன்னால் போட்டோ, கூரை ஜன்னலைத் திறந்து போட்டோ. நான் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். சம்பந்தியம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அட, ராகு காலம் வந்துருச்சே. இனி ஆறு மணிக்கு மேலதான் புள்ளைய அனுப்போணும்" என்றார்.

ஒன்றரை மணி நேரம் அந்த வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்த்தேன். அதை மட்டும் நன்றாகப் பார்க்க முடிந்தது. பேச்சுக் கொடுத்தவர்களுக்கெல்லாம் தமாசாகப் பதில் சொன்னேன். 

ஆரத்தி, விபூதி எல்லாம் முடிந்து ஆறே முக்கால், இருட்டிவிட்டது. மோகனாவை முன்சீட்டில் உட்கார வைத்துப் பொத்தானை அமுக்கினேன். சீட்டு ஜங் என்று ஏறியது, எல்லோரும் கைதட்டினார்கள். வசந்தாமணி பின்னால். நான் ஸ்டியரிங்கில். விளக்கைப் போட்டேன். அதே நேரம் தெருமுனையில் ஒரு பைக் திரும்பியது. அதன் ஒரு விளக்கு என் கண்ணில் பத்தாக உடைந்து சிதறியது. அதற்குப் பின்னால் தெரு இல்லை, வீடு இல்லை, ஆள் இல்லை. வெறும் வெள்ளை.

பைக் எங்களைத் தாண்டிப் போன பிறகு இடது பக்கம் பார்த்தேன். மோகனா பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே சரிசெய்துவிட்டு ஒரு கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள். இன்னொரு கையால் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நான் ஓட்டியிருந்தால் வந்திருப்பாள். அப்படியே பிடித்துக்கொண்டு எழுபது கிலோமீட்டரும் வந்திருப்பாள்.

இன்ஜினை அணைத்து இறங்கினேன். சம்பந்தியிடம் போய்ச் சொன்னேன்.

"சம்பந்தி, எனக்குக் கண்ணு தெரியலீங்க. மாப்பிள்ளைய ஓட்டச் சொல்லுங்க."

கொல்லென்று சிரித்தார்கள். "ஏழு லச்ச ரூவாய்க்கு வண்டி எடுத்துட்டுக் கண்ணு தெரியலையாமா!" என்று சம்பந்தி என் முதுகில் தட்டினார். பொள்ளாச்சி அக்காவுக்குச் சிரித்துப் புரையேறியது. இத்தனை வருடம் சேர்த்த தமாசுக்காரன் பெயர், நல்ல நேரத்தில் வந்து காலைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டம்.

"தமாசு இல்லீங்க. புரை. ரெண்டு கண்ணும். ஏப்ரல்லயே அறுக்கோணும்னு சொல்லிட்டாங்க. பகல்ல ஓரளவு சமாளிப்பேன். ராத்திரியில சுத்தமா முடியாதுங்க. காலைலயும் எம்பொண்டாட்டி சொல்லச் சொல்லத்தான் ஓட்டிட்டு வந்தேன். உங்க பேரனையோ பேத்தியையோ வெச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியாதுங்க."

சிரிப்பு நின்றது. சம்பந்தியம்மா மட்டும், "மாப்பிள்ளையே கொண்டு போய் விடறது மொறை இல்லீங்களே" என்று இழுத்தார்.

"மொறைய நான் பாத்துக்கறேன்" என்றார் சம்பந்தி. "டேய் கௌதமு, மாமாகிட்டச் சாவிய வாங்கு." பிறகு என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "போன தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுப் போனேன் பாருங்க? கோயமுத்தூர் ஆஸ்பத்திரில கண்ணு அறுத்துட்டுப் படுத்திருந்தேன். வெளிய சொல்லிராதீங்க."

"பஞ்சாமிர்தம் குடுத்துவிட்டீங்களே சம்பந்தி?"

"கடைல வாங்குனது."

மாப்பிள்ளை ஓட்டினார். நானும் வசந்தாமணியும் பின்னால். மோகனா டேஷ்போர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரும்பிப் பார்க்காமல், "வியாழக்கிழமை ஆஸ்பத்திரி போறோங்கப்பா. நானும் வருவேன்" என்றாள். "சரி சாமி" என்றேன். அதற்கு மேல் தமாசு ஒன்றும் வரவில்லை.

இத்தனை நாள் இரண்டு வண்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இரண்டிலும் பின்சீட்டில் நான் ஒரு தடவைகூட உட்காரவில்லை. கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் நல்ல மெத்தைக் கிணறு. வசந்தாமணி வாயைத் திறக்காமல் வந்தாள். மேடு வந்தது, ஆடு வந்திருக்கும், பஸ் வந்திருக்கும், யாரோ பார்த்துக்கொண்டார்கள். சின்னதாராபுரம் தாண்டியதா என்றுகூட எனக்குத் தெரியாது.

கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, வீடு வந்துருச்சு. எந்திரிங்க."

வெளியே மோகனா இடுப்பில் கை வைத்து நின்றாள். வண்டிக்குள் வேறு யாரும் இல்லை. ஆரத்தி எடுத்து, பெண்ணை உள்ளே அழைத்து, மாப்பிள்ளைக்கு இலை போட்டு அவர் பாதி சாப்பிட்டும் ஆகிவிட்டதாம். தூங்குகிற மனிதனை எழுப்ப வேண்டாம் என்று ஏசியைப் போட்டபடியே விட்டிருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் என் கை சாவியைத் தேடி முன்னால் போனது. முன்சீட்டின் முதுகில் பத்திரிகை வைக்கிற பை ஒன்று தட்டுப்பட்டது. அதற்குள் கையை விட்டபடி ஒரு நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"இறங்கலீங்களாப்பா?"

"எங்க சாமி இறங்கறது? கையக் குடு."

ஏழு மாதப் பிள்ளையைச் சுமந்துகொண்டு அவள்தான் என்னை இழுத்து எழுப்பினாள்.